நிறைமதி வீட்டுச் செம்புக்குழாய்

வேலூர் தோல்கிடங்குத் தெருவில் தன் வீட்டு ஏசிக் குழாய் வளர ஆரம்பித்துவிட்டது என்று தாட்சாயணி போன் செய்து சொன்னபோது, மெக்கானிக் சுகிர்தா காட்பாடியில் ஒரு மொட்டை மாடியில் வெளியூனிட்டின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"வளருதுன்னா எப்படி? கிளாம்ப் விட்டுப்போய் தொங்குதா?"

"இல்லக்கா, வளருது. நேத்து ஜன்னலாண்ட இருந்துச்சு, இன்னிக்கு கேட்டைத் தாண்டிக்கினு போவுது."

"சரி, யாரும் வெட்டிடாதீங்க, கேஸ் போயிடும். கைவேலையை முடிச்சிட்டு வர்றேன்" என்றாள் சுகிர்தா. சொன்னபடியே அந்த வீட்டு வேலையை முடித்து, மூடியை மாட்டி, அவர்கள் தந்த மோரையும் குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள். ஏனென்றால் செம்பு விஷயத்தில் பதறுகிற பழக்கம் அவளுக்கு இல்லை, தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக நின்று குழாய் வளைக்கக் கற்ற நாளிலிருந்து, செம்பு தன் சொல்லைக் கேட்கும் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

வேலூரின் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றியிருக்கும் பாறை மலைகள் பகலெல்லாம் குடித்த சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகு ஊரின் தலையில் கொட்டும், சித்திரை பிறந்துவிட்டால் மாடுகூடச் சுவரின் நிழலைத் தேடி நகரும். அந்த ஊரில், பங்குனியில், உடம்பில் வேர்வைச் சுரப்பியே இல்லாமல் பிறந்தவள் தாட்சாயணியின் மகள் நிறைமதி. எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டி உடம்பு தணிகிற நேரத்தில் அவளுக்கு மட்டும் தோல் காய்ந்து சிவந்து, சூடு உள்ளேயே நின்று, கண் செருகிவிடும். ஏசி ஓடுகிற அறைக்குள் இருந்தால் அவள் மற்ற எந்தப் பிள்ளையையும் போலத்தான், வாயாடி, சண்டைக்காரி. வாசலைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் துவண்டுவிடுவாள். ஆகவே மழைக்காலத்திலும் மார்கழியிலும் பள்ளிக்கூடம், மற்ற மாதங்களில் அந்த ஒரு ஜன்னல் என்று எட்டு வயதுவரை வளர்ந்திருந்தாள். தோல் கம்பெனியில் செருப்பின் மேல்பாகம் தைக்கும் தாட்சாயணியும், ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் லோகுவும், வீட்டில் வேறு எது பழுதானாலும் விட்டுவிட்டு அந்த ஏசியை மட்டும் சாமி படத்தைப் போல வைத்திருந்தார்கள், அதற்குப் பூசாரியாகச் சுகிர்தா இருந்தாள்.

அவள் போய்ப் பார்த்தபோது விஷயம் தாட்சாயணி சொன்னபடியேதான் இருந்தது. உள்யூனிட்டுக்கும் வெளியூனிட்டுக்கும் நடுவில் சுவரை ஒட்டிப் போகிற தடித்த குழாயும் மெல்லிய குழாயும், சுற்றியிருந்த கறுப்பு நுரையை உரித்துப் போட்டுவிட்டு, ஒன்றையொன்று பின்னிக்கொண்டு சுவரை விட்டு இறங்கி, செம்பருத்திச் செடியைத் தாண்டி, கேட்டின் மேல் ஏறி, தெருவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன. அறுபட்ட முனை என்று எதுவும் இல்லை. போய் வளைந்து, போன வழியே திரும்பி வருகிற வளைவுதான் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்தது. வளைந்த இடத்தில் நசுங்கல் இல்லை, ஒட்டு இல்லை, சோப்பு நுரை தடவிப் பார்த்தால் ஒரு குமிழ்கூட இல்லை. குழாய் முழுக்கப் பனித்துளியாக வேர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே, கேட்டுக்கு வெளியே, சித்திரை மாதத்துக் காலை வெயிலில், குழாயை ஒரு கையால் பிடித்தபடி நிறைமதி நின்றிருந்தாள்.

"அத்தே, இங்க குளிருது" என்றாள்.

சுகிர்தா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. ஏன் வளர்கிறது, எதற்காக வளர்கிறது என்று அவள் கேட்கவில்லை. அவள் மனசுக்குள் ஓடியது வேறு கணக்கு. கம்பெனியில் அடைத்து அனுப்புகிற கேஸ் குறிப்பிட்ட நீளக் குழாய்க்குத்தான் சரியாக இருக்கும். அதற்குமேல் ஒவ்வொரு மீட்டருக்கும் சில கிராம் கூட்டிப் போட வேண்டும். கூட்டாவிட்டால் இருக்கிற கேஸ் நீளத்துக்குப் பரவிப் போய், அறையும் குளிராது தெருவும் குளிராது. டேப்பை எடுத்து அளந்தாள், சிலிண்டரை எடை மெஷினில் வைத்தாள், அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினாள், தேவையான அளவை ஏற்றி வால்வை மூடினாள்.

"நாளைக்கும் வளர்ந்தா?" என்று தாட்சாயணி கேட்டாள்.

"நாளைக்கும் வர்றேன்."

மறுநாளும் வளர்ந்தது, சுகிர்தா மறுநாளும் வந்தாள். குழாய் எதிர்வீட்டுச் சுவர்மேல் ஏறியது, மாவு மில்லின் கூரை ஓரமாகப் போனது, அடுத்த வாரம் பால் கடைக் கோதண்டத்தின் பந்தலைத் தொட்டது. அது போகப் போக, வெயில் காலமெல்லாம் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்திருந்த தெருவுக்குள் நிறைமதியும் அதன் அடியில் நடந்து போனாள், குழாயிலிருந்து கைக்கெட்டும் தூரத்துக்குள் இருந்தவரை அவள் உடம்பில் சூடு ஏறவேயில்லை. அவளுக்கு வர வேண்டிய வேர்வை அதற்கு வருகிறது என்று மாவு மில்காரம்மா சொன்னாள்; தெரு அந்த விளக்கத்தோடு திருப்தியாகி அவரவர் வேலையைப் பார்த்தது.

அவரவர் வேலை என்றால், குழாயை வைத்துக்கொண்டு செய்கிற வேலை. சொட்டுகிற இடத்தில் எல்லாம் பெண்கள் குடம் வைத்தார்கள். பூக்காரி மல்லிச்சரங்களைக் குழாயில் தொங்கவிட்டாள், அவை பொழுது சாயும்வரை வாடவில்லை. தயிர் புளிப்பதற்குள் கொண்டுவந்து மாட்டுகிறவர்களும், ஈரத் துணியில் கட்டிய கீரையை மாட்டுகிறவர்களும், பகல் தூக்கத்துக்குக் கயிற்றுக் கட்டிலை அதன் அடியில் இழுத்துப் போடுகிறவர்களுமாகத் தெரு நிறைந்தது. தன் வீட்டுச் சுவரில் ஏறாமல் பக்கத்து வீட்டுச் சுவரில் ஏறியதற்காக ஒருவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் குழாய் ஒரு வளைவு போட்டு அவர் வீட்டு வாசலையும் தொட்டுப் போனது. மின்வாரியத்து லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, என் ஒயருக்கு ஒரு கை தள்ளி இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார், மறுநாள் அது ஒரு கை தள்ளியே இருந்தது. மாரியம்மன் ஊர்வலம் வந்தபோது கேபிள் ஒயர்களை மூங்கிலால் தூக்கிப் பிடிக்கிற பையன்கள் குழாயையும் தூக்கிப் பிடித்தார்கள், அம்மன் அதன் கீழே கொஞ்ச நேரம் நின்று போனாள். செம்பு கறுக்கிறதே என்று புளி போட்டுத் தேய்க்க வந்த பெண்களைத்தான் சுகிர்தா விரட்ட வேண்டியிருந்தது.

"மஞ்சள் வைங்க, குங்குமம் வைங்க, நான் கேக்கல. புளி போட்டுத் தேச்சீங்கன்னா தகடு மெலிஞ்சு ஓட்டை விழுந்துடும். இது குத்துவிளக்கு இல்ல."

பழைய வெளியூனிட் இத்தனை நீளத்துக்குத் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். ஒரு கல்யாண மண்டபத்தில் மாற்றிப் போட்ட பெரிய யூனிட் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து மாட்டினாள். தினமும் அளந்தாள், தினமும் எடை போட்டாள், தினமும் கொஞ்சம் ஏற்றினாள். குழாயும் தன் பங்குக்கு அவள் சொல்லாமலே கம்பத்துக்குக் கம்பம், கேஸோடு வருகிற எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்புவதற்கான வளைவைப் போட்டுக்கொண்டது. அதைப் பார்த்து அவள், நல்ல வேலை தெரிந்த ஒருத்தியோடு சேர்ந்து வேலை செய்கிற சந்தோஷத்தில் அதன்மேல் லேசாகத் தட்டிக்கொடுத்தாள்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம் அவள் ஆரணியில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போனாள். போகிற அன்று காலையில் அளவைச் சரிபார்த்து, நாளை மத்தியானம் வந்துவிடுவேன், யாரும் வால்வைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஆனால் மறுநாள் காலையில் வெயில் ஏறிய வேகத்தைப் பார்த்துக் கோதண்டத்துக்கு மனசு கேட்கவில்லை. அவர் நல்ல மனிதர். பால் கடைக்கு வருகிற பிள்ளைக்குக் கையில் ஒரு பிஸ்கட் தராமல் அனுப்பாதவர். நிறைமதி தன் பந்தல்வரை நடந்து வந்து நின்ற அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர். இன்னும் கொஞ்சம் கேஸ் இருந்தால் பிள்ளை இன்னும் கொஞ்ச தூரம் போகுமே என்று அவருக்குத் தோன்றியது. தெருவில் சொன்னார், தெருவுக்கும் அது சரியாகப் பட்டது. யாரோ ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து, ஒரு சிலிண்டர் முழுவதையும், எடையும் பார்க்காமல் அளவும் பார்க்காமல், கோயிலில் பால் ஊற்றுகிறவர்களைப் போலச் சுற்றி நின்று உள்ளே ஏற்றினார்கள்.

முதலில் எல்லாம் அற்புதமாக இருந்தது. குழாய் நெடுகிலும் வெள்ளை வெளேரென்று பனி பூத்தது. பிள்ளைகள் அதைச் சுரண்டிச் சுரண்டித் தின்றார்கள். நிறைமதி தெருவின் கடைசியில் குழாய் திரும்புகிற இடத்திலிருந்த தையல்கடைவரை, அதுவரை போகாத தூரம்வரை, ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். அப்புறம் தாட்சாயணி வீட்டுப் பக்கமிருந்து இரும்பில் சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் கேட்டது, ஒரு தடவை, இன்னொரு தடவை, பிறகு தொடர்ந்து. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கம்ப்ரசர் நின்றுவிட்டது. பனி உருகிக் கொட்டியது. நண்பகல் வெயில் வெறும் செம்பின்மேல் விழுந்து, கொஞ்ச நேரத்தில் குழாய் தொட முடியாமல் கொதித்தது.

வீடு தெருவின் அந்தக் கோடியில் இருந்தது, பிள்ளை இந்தக் கோடியில் விழுந்து கிடந்தாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியவர் கோதண்டம்தான். தையல்காரர் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்ற, பெண்கள் ஈரப் புடவையைப் போர்த்திக்கொண்டே கூட ஓட, பால் கடைக்குள் நுழைந்து, பெரிய குளிர்ப்பெட்டியில் இருந்த பால் பாக்கெட்டுகளை வாரித் தெருவில் வீசிவிட்டு, அதன் நடுவில் அவளை உட்காரவைத்து, தலையைத் தன் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கம்பெனியிலிருந்து ஓடி வந்த தாட்சாயணி பார்த்தபோது அவர் முழங்கைவரை விறைத்துப்போய், அழுதுகொண்டு, பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் வந்து பார்த்தார், ஊசி போட்டார், சரியான நேரத்தில் குளிர்வித்தீர்கள் என்றார். நிறைமதி கண்ணைத் திறந்தாள்.

சுகிர்தா ஆரணியிலிருந்து கல்யாணப் புடவையோடு வந்து இறங்கியபோது தெருவே தலையைக் குனிந்து நின்றது.

"நல்லதுன்னுதாம்மா செஞ்சேன்" என்றார் கோதண்டம். "கொஞ்சம் தாராளமா இருக்கட்டுமேன்னு."

"தாராளத்தைச் சோத்துல காட்டுங்கண்ணே. கேஸ்ல காட்டாதீங்க" என்றாள். கோபம் தீரவில்லை; ஆனால் அவர் கையைப் பார்த்ததும், முதலில் போய் அதற்குக் கட்டு போட்டுக்கொண்டு வரச் சொன்னாள்.

தாட்சாயணி அறையிலிருந்து வெளியே வந்தாள். மாவு மில்காரர்கள் தங்கள் வீட்டு ஏசியைக் கழற்றி வந்து மாட்டியிருந்த அந்த அறைக்குள் நிறைமதி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"வெட்டிடுக்கா" என்றாள் தாட்சாயணி. "பழையபடி சின்னதா வச்சுக் குடு. அவ ரூமுக்குள்ளயே இருக்கட்டும். உசுரோட இருந்தாப் போதும்."

சுகிர்தா வெளியூனிட்டின் மூடியைக் கழற்றினாள், மீட்டரை வைத்துக் கம்ப்ரசரைச் சோதித்தாள், காதை வைத்துக் கேட்டாள். உயிர் இருந்தது.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடு" என்றாள். "சரியான அளவை என்னால போட முடியலன்னா, நானே வெட்டுறேன். வேற யாரையும் கூப்பிட வேணாம்."

"உன்னால முடியுமாக்கா?"

"முடியும்."

உள்ளே இருந்த கேஸ் முழுவதையும் காற்றில் விடாமல் காலிச் சிலிண்டர்களில் இழுத்துப் பிடித்தாள். பிறகு குழாய்க்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேக்குவம் பம்பை மாட்டினாள், இருந்த நீளத்துக்கு அது மறுநாள் காலைவரை ஓடியது. விடிந்ததும் டேப்பைப் பிடித்து அளந்தாள். அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் குழாய் மேலும் வளர்ந்திருந்தது. மறுபடியும் அளந்தாள், மறுபடியும் வளர்ந்தது. நேற்று பிள்ளை விழுந்ததற்குக் கோபப்பட்டதைப் போல, அல்லது அவசரப்பட்டதைப் போல, ஒரே காலையில் தையல்கடையைத் தாண்டிப் பள்ளிக்கூடச் சுவர்வரை போய்விட்டது. மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற கணக்கு இனிமேல் செல்லாது என்று அவளுக்குப் புரிந்தது. டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டுத் தெருவில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டாள்.

"நேத்து எல்லாரும் சேர்ந்து கெடுத்தீங்க. இன்னிக்கு எல்லாரும் சேர்ந்து சரி பண்ணணும்" என்றாள். "குழாய்க்குள்ள போற கேஸ் தெருவோட சூட்டை வாங்கி வாங்கி ஆவியாகிக்கினே வரும். அதான் குளிரு. அதோட கடைசிச் சொட்டு, கம்ப்ரசர் வாசலுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆவியாகணும். முன்னாடியே தீந்துபோச்சுன்னா பாதித் தெரு காயும். தீராம வந்து கம்ப்ரசருக்குள்ள நுழைஞ்சா, நேத்து மாதிரி அதுக்குப் புரையேறும். அந்த இடம் எங்கன்னு எந்த மெஷினும் இந்த நீளத்துக்குச் சொல்லாது. நீங்க சொல்லுங்க. அவங்கவங்க வாசல்ல நின்னு குழாய் மேல கைய வைங்க. காஞ்சிருந்தா காயுதுன்னு சொல்லுங்க. பனி கட்டினா பனின்னு சொல்லுங்க. வேர்த்தா வேர்க்குதுன்னு கத்துங்க."

வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில், சோதிக்கிறதென்றால் அந்த நேரத்தில்தான் சோதிக்க வேண்டும் என்பதால், அவள் வால்வைத் திறந்தாள். தெரு நெடுக ஆட்கள் நின்றார்கள். தோல் கம்பெனிப் பெண்கள் நின்றார்கள், பூக்காரி நின்றாள், லைன்மேன் நின்றார், பேசாமல் கோபித்துக்கொண்டிருந்தவர் நின்றார், கட்டு போட்ட கையோடு கோதண்டம் நின்றார். முதலில் எல்லாப் பக்கமிருந்தும் காயுது, காயுது என்ற குரல்தான் வந்தது. சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்சம் விட்டாள், நிறுத்தினாள், காத்திருந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற லோகு கத்தினான், "வேர்க்குது!" எதிர்வீடு கத்தியது. இன்னும் கொஞ்சம் விட்டாள். மாவு மில் கத்தியது, பால் கடை கத்தியது, பெயிண்ட் கடை பனி என்றது, பொறு என்று கையைக் காட்டினாள், பனி கரைந்து வேர்க்குது என்றது. குரல் வீடு வீடாகப் பரவித் தெருவின் கோடிக்குப் போய், பள்ளிக்கூடச் சுவரைத் தொட்டு, திரும்புகிற குழாயோடு மறுபடி இந்தப் பக்கமாக வந்தது; தையல்கடை, பெயிண்ட் கடை, பால் கடை, மாவு மில், எதிர்வீடு. சுகிர்தா கேஜைப் பார்க்கவில்லை. கம்ப்ரசருக்கு முன்னால் இருந்த ஒரு முழக் குழாயில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கேட்டுவரை வேர்த்தது. செம்பருத்திச் செடிவரை வேர்த்தது. அவள் கைக்கு அடியில் குழாய் சில்லென்று ஆனது, சில்லென்றே இருந்தது, ஆனால் நனையவில்லை. ஒரு சிட்டிகை விட்டால் நனையும். அவள் விடவில்லை. வால்வை மூடினாள்.

கம்ப்ரசர் சீராக ஓடியது. தெரு நின்று அதைக் கேட்டது.

"எவ்ளோ போட்டீங்க?" என்று லோகு கேட்டான்.

"போட வேண்டிய அளவு" என்றாள் சுகிர்தா, மூடியை மாட்டிக்கொண்டே.

தாட்சாயணி குழாய் நெடுகக் கையை வைத்துக்கொண்டே, பள்ளிக்கூடச் சுவர்வரை தானே நடந்து போய், தானே திரும்பி வந்தாள். எந்த இடத்திலும் அவள் கை காயவில்லை. வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரம் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, அந்தக் கையை விட்டாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது குழாய் சுவரேறிக் குதித்து, வேப்பமரத்தைச் சுற்றி, வராண்டா நெடுகத் தூண் தூணாகப் பற்றிக்கொண்டு, நான்காம் வகுப்பின் ஜன்னலுக்குள் நுழைந்து கரும்பலகைக்கு மேலே ஓர் ஆணியில் தன்னை மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அது வளரவில்லை. வகுப்பு ஆசிரியை ஹெலன், கண்டிப்புக்குப் பேர்போனவர், அதை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சொட்டுகிற இடத்தில் ஒரு வாளியை வைத்துப் பாடத்தைத் தொடங்கினார்.

சுகிர்தா வாரத்துக்கு ஒரு நாள் வந்து தெரு நெடுகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போவாள். அப்படி ஒரு காலையில் அவள் பள்ளி வராண்டாவில் ஏணிமேல் நின்று ஒரு கிளாம்பை முடுக்கிக்கொண்டிருந்தபோது வகுப்புக்குள்ளிருந்து ஹெலன் டீச்சரின் குரல் உயர்ந்தது.

"நிறைமதி! ஒரு தடவை சொல்லியாச்சு, ரெண்டு தடவை சொல்லியாச்சு. பேசுறதை நிறுத்தவே மாட்டியா? எழுந்திரு. வெளியே போ!"

சுகிர்தா ஸ்பானரைப் பிடித்த கையோடு நின்றாள். பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையிடம் பெற்றவர்களும் அக்கம்பக்கமும் டாக்டர்களும் ஓயாமல் உள்ளே போ, உள்ளே போ என்றுதான் சொல்லியிருந்தார்கள். வெளியே போ என்று யாரும் சொன்னதில்லை.

நிறைமதி வெளியே வந்தாள். தூணோரமாக, குழாய்க்கு அடியில், கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். எதிரே மைதானம் முழுக்க வெயில் அடித்தது. தண்டனை வாங்கின பிள்ளைக்கு இருக்கக்கூடாத முகம் அவளுக்கு இருந்தது. ஏணிமேல் இருந்தவளைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாக டீச்சர் எட்டிப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

"போதும். உள்ளே வா."

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கறேன் மிஸ்" என்றாள் நிறைமதி.